வாயாடிகளின் டைரி

(நூலக வாசகர் வட்டம் ஒன்றில், பெற்றோரும் ஆசிரியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாயாடி என்றொரு சொல் நம் வீடுகளில் புழங்குகிறது. ஓயாமல் பேசும் பையனை யாரும் அப்படிச் சொல்வதில்லை. வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று அவனைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். அதே வாய் பெண் பிள்ளைக்கு இருந்துவிட்டால் அவள் வாயாடி. எட்டு, ஒன்பது வயதுவரை அந்தச் சொல்லில் கொஞ்சம் செல்லமும் கலந்திருக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் செல்லம் போய்விடும், கண்டிப்பு மட்டும் மிஞ்சும். அந்த வயதுப் பெண்களுக்காக எழுதப்பட்ட சிரிப்பு டைரிக் கதைகளைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

1942ஆம் ஆண்டு, ஆம்ஸ்டர்டாம். யூதப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட ஓர் உயர்நிலைப் பள்ளி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள். கணக்கு வாத்தியார் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, 'வாயாடி' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி வரச் சொல்லித் தண்டனை தருகிறார். அவள் எழுதுகிறாள்: பேச்சு எனக்கு அம்மாவிடமிருந்து வந்த சொத்து, பிறவிக் குணத்துக்கு மருந்து ஏது என்று வாதாடுகிறாள். வாத்தியார் சிரித்துவிடுகிறார். அடுத்த வகுப்பிலும் அவள் பேசுகிறாள். 'திருத்த முடியாத வாயாடி' என்று இரண்டாவது கட்டுரை. அதற்கும் அடங்கவில்லை. மூன்றாவது முறை, க்வாக் க்வாக் என்று கத்தும் ஒரு வாத்தைத் தலைப்பாகக் கொடுக்கிறார். இவள் தோழியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அதைப் பாட்டாகவே எழுதிவிடுகிறாள். ஒரு தாய் வாத்து, ஒரு தந்தை அன்னம், மூன்று குஞ்சுகள். குஞ்சுகள் அதிகம் கத்தியதற்காகத் தந்தை அன்னம் அவற்றைக் கடித்தே கொன்றுவிடுகிறது. வாத்தியாருக்கு யாரைச் சொல்கிறாள் என்று புரிகிறது. கோபித்துக்கொள்ளாமல் வகுப்பில் அதை உரக்க வாசிக்கிறார். மற்ற வகுப்புகளுக்கும் கொண்டுபோய் வாசித்துக் காட்டுகிறார். அதன்பிறகு அவளைப் பேசவிட்டுவிடுகிறார்.

அந்தப் பெண் ஆன் ஃபிராங்க். அந்த ஆண்டு ஜூன் 12ஆம் தேதி, பிறந்தநாள் பரிசாக வந்த நோட்டில் டைரி எழுதத் தொடங்கியவள், ஜூன் 21ஆம் தேதிக் குறிப்பில் இதைச் சொல்கிறாள். இரண்டு வாரம் கழித்து, ஜூலை 6ஆம் தேதி, அவள் குடும்பம் பிரின்சன்கிராக்ட் 263ஆம் எண் கட்டடத்தின் பின்பகுதியில் ஒளிந்துகொண்டது.

அந்த டைரியைத் துயரத்தின் ஆவணமாகவே நாம் படிக்கிறோம். அப்படிப் படிப்பதில் தவறில்லை. பதினைந்து வயதில் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்துபோன பிள்ளை அவள். ஆனால் வாத்துப் பாட்டு எழுதிய அந்தப் பெண்ணையும் நாம் பார்க்க வேண்டும். அந்தச் சிரிப்புக்காரி எதை விரும்பிப் படித்தாள்?

ஒளிந்திருந்த நாட்களில் அவளுக்கு வெளியிலிருந்து புத்தகங்கள் வந்தன. அவற்றில் அவள் மிகவும் கொண்டாடியவை சிஸ்ஸி வான் மார்க்ஸ்வெல்ட் என்ற பெண் எழுத்தாளருடைய சிரிப்புக் கதைகள். ஒரு கோடைக்காலக் கூத்தைப் பற்றிய கதையை மட்டும் நான்கு முறை படித்ததாக எழுதியிருக்கிறாள். அதைவிட அவள் மனத்தைப் பிடித்துக்கொண்டது யோப் தெர் ஹெல் வரிசை. முதல் புத்தகம் 1919இல் வந்தது, 1925க்குள் இன்னும் மூன்று வந்தன. யோப் பள்ளிக்கூடத்துப் பெண். படிப்பில் மட்டம், பேச்சில் கெட்டி. தோழிகளெல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தியின் பெயரிலும் ஒரு துண்டை எடுத்து ஒட்டி, வாயில் நுழையாத பெயர் ஒன்றைச் சங்கத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள். யோப் தன் தோழிக்குக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளுகிறாள். மதிப்பெண் குறைகிறது. இனிமேல் கடிதம் எழுதக் கூடாது என்று அப்பா தடை போடுகிறார். உடனே அவள் டைரிக்கு மாறிவிடுகிறாள்.

அந்தச் சங்கத்துப் பெண்களில் ஒருத்தியின் பெயர் கிட்டி. 1942 செப்டம்பரில் ஆன் ஃபிராங்க் தன் டைரியில் அந்தக் கதைப் பெண்களுக்கே கடிதம் எழுத ஆரம்பிக்கிறாள். கிட்டிக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒவ்வொன்று. 1944 மார்ச்சில் லண்டனிலிருந்து ஒலிபரப்பான டச்சு வானொலியில், போர்க்கால டைரிகளும் கடிதங்களும் பிற்காலத்துக்காகச் சேகரிக்கப்படும் என்று ஓர் அமைச்சர் பேசியதைக் கேட்டாள். மே மாதத்தில் தன் டைரியை முதலிலிருந்து திருத்தி எழுதத் தொடங்கினாள். அந்தத் திருத்தத்தில் எல்லாக் கடிதங்களும் கிட்டி ஒருத்திக்கே என்று ஆக்கினாள். உலகம் முழுக்கத் தெரிந்த அந்தக் கிட்டி, பள்ளிக்கூடப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்த ஒரு கதைப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்தவள்.

இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, 'சும்மா சிரிப்புப் புத்தகம்தானே' என்று யார் சொன்னாலும் என்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை.

நான் இருபத்தாறு வருடம் பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள். ஒருநாள் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் பாடப் புத்தகத்துக்குள் வேறொரு புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்குவதைப் பார்த்துப் பிடித்தேன். கோடு போட்ட தாள், கையெழுத்து மாதிரி அச்சு, பக்கத்துக்குப் பக்கம் படம், ஆச்சரியக்குறிகள். பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அந்த வாரம் தேர்வு விடைத்தாள் திருத்த வீட்டுக்குப் போகும்போது அதையும் எடுத்துப் போனேன். இரவு இரண்டு மணிவரை விடைத்தாள் கட்டை அவிழ்க்கவில்லை. மறுநாள் அவளைக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, பிடுங்கியது தப்பு என்று சொன்னேன். அடுத்த பாகம் இருக்கிறதா என்றும் கேட்டேன்.

அது டார்க் டைரீஸ் வரிசையின் முதல் புத்தகம். 2009இல் வந்தது. எழுதியவர் ரேச்சல் ரெனே ரஸ்ஸல், அமெரிக்காவில் வழக்கறிஞராக இருந்தவர். இரண்டு மகள்களும் பள்ளியில் பட்ட பாட்டைப் பார்த்து எழுதினார். மகள்களில் ஒருவர் பின்னால் படம் போடவும் சேர்ந்துகொண்டார். கதை நாயகி நிக்கி மேக்ஸ்வெல், பதினான்கு வயது, எட்டாம் வகுப்பு. பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். கைப்பேசி கேட்டவளுக்கு அம்மா டைரி வாங்கிக் கொடுக்கிறார். அந்த ஆத்திரத்தில்தான் எழுதவே தொடங்குகிறாள்.

அமெரிக்காவில் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை பெரும்பாலும் தனிப் பள்ளிக்கூடம், தனிக் கட்டடம். ஒரே டீச்சர், ஒரே அறை என்று இருந்த பிள்ளை திடீரென்று மணிக்கு மணி அறை மாறி ஓட வேண்டும். புத்தகம் வைக்க நடைபாதைச் சுவரோரம் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி. அது யார் பெட்டிக்குப் பக்கத்தில் அமைகிறது என்பது தலையெழுத்து. நிக்கியின் பெட்டி, பள்ளியிலேயே பகட்டான மெக்கன்ஸியின் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்புறம் மதியச் சாப்பாட்டுக் கூடம். தட்டை ஏந்திக்கொண்டு எந்த மேசையில் போய் உட்காருவது? வா என்று யாராவது கூப்பிடுவார்களா? பெரியவர்களுக்கு இது அற்ப விஷயம். பன்னிரண்டு வயதில் அந்தக் கூடத்தைக் கடக்க எடுக்கும் இருபது அடி ஒரு காதம். இந்தக் கதைகளின் சிரிப்பெல்லாம் இந்த இடங்களில்தான் ஊறுகிறது. ஊர் அமெரிக்காவாக இருந்தாலும், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்த எந்தப் பிள்ளைக்கும் இது புரியும்.

நிக்கியிடம் ஒரு ரகசியம் இருக்கிறது. அவள் அப்பா பூச்சி மருந்து அடிப்பவர். அந்தப் பள்ளியில் பூச்சி ஒழிக்கும் வேலையை அவர் எடுத்ததால்தான் இவளுக்கு அங்கே உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அவருடைய வண்டியின் கூரையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கரப்பான்பூச்சி நிற்கிறது. அந்த வண்டியில் பள்ளிக்கு வந்து இறங்குவதைவிடச் சாவதே மேல் என்று நினைக்கிறாள். பக்கம் பக்கமாகச் சிரிக்க வைக்கும் இந்தக் கரப்பான்பூச்சியைச் சற்று உற்றுப் பார்த்தால், பணம் இல்லாத வீட்டுப் பிள்ளை பணக்காரர்கள் நடுவில் படும் கூச்சம் தெரியும். அதை யாராவது கட்டுரையாக எழுதிக் கொடுத்தால் எந்தப் பெண்ணும் படிக்க மாட்டாள். கரப்பான்பூச்சியாகக் கொடுத்ததால் படிக்கிறாள். படித்துவிட்டுத் தன் வீட்டுக் கரப்பான்பூச்சி எது என்று யோசிக்கிறாள்.

இனி இந்த வடிவத்தின் நுட்பத்துக்கு வருகிறேன். பலரும் நினைப்பதுபோல எழுதுவதற்கு இது எளிதான வகை இல்லை.

டைரியில் மேலே தேதி இருக்கிறது. அந்த நாள் இரவில் உட்கார்ந்து எழுதுகிறவளுக்கு மறுநாள் என்ன நடக்கும் என்று தெரியாது. தன் வரலாறு எழுதும் பெரியவருக்கு முடிவு தெரியும். அதனால் அவர் நிதானமாக, நியாயமாகப் பேசிவிடுகிறார். டைரிக்காரிக்கு அந்த வசதி கிடையாது. முழு நம்பிக்கையோடு தப்பாகச் சொல்வாள்: அவள் என் பரம எதிரி, இவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான், நாளையோடு என் வாழ்க்கை முடிந்தது என்று. படிக்கிற பெண் அவளுக்கு ஓர் அடி முன்னால் நிற்கிறாள். நீ நினைக்கிறதுபோல இல்லையடி என்று அவளிடம் சொல்லத் துடிக்கிறாள். சிரிப்பு அந்த ஓர் அடி இடைவெளியிலிருந்து வருகிறது.

ஜிம் பென்ட்டன் எழுதிய டியர் டம்ப் டைரி வரிசை 2004இல் தொடங்கியது. மேக்கரல் நடுநிலைப் பள்ளியில் படிக்கும் ஜேமி கெல்லி எழுதும் டைரி. அவள் வகுப்பில் ஏஞ்சலின் என்றொரு பெண், கூந்தலிலிருந்து குணம்வரை குறையே இல்லாதவள். அது ஒன்றே ஜேமிக்குப் போதும். ஏஞ்சலின் ஒருவருக்கு உதவி செய்தால் அதில் என்ன சூழ்ச்சி இருக்கிறது என்று பக்கக் கணக்கில் ஆராய்கிறாள். ஏஞ்சலின் நல்ல பெண் என்று படிக்கிறவளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. புத்தகத்தில் எங்கேயும், பொறாமை கூடாது என்று யாரும் புத்தி சொல்வதில்லை. ஜேமி நீட்டி முழக்கும் நியாயங்களைப் படித்துச் சிரிக்கிற பெண்ணுக்கு, போன வாரம் தான் யாரைப் பற்றி இப்படிப் பேசினோம் என்பது தானாக உறைக்கிறது. நீதி வகுப்பில் நான் பல வருடம் முயன்றும் நடக்காதது இது.

இந்தத் தந்திரத்தை இங்கிலாந்தில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் சூ டவுன்சென்ட். 1982இல் வந்த அவருடைய ஏட்ரியன் மோல் டைரியில் பதின்மூன்றே முக்கால் வயதுப் பையன், பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவிடம் பழகுவதை நாள்தோறும் குறித்துக்கொண்டே வருகிறான். என்ன நடக்கிறது என்று அவனுக்கு மட்டும் புரிவதில்லை. அது சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கான புத்தகம், நாயகனும் பையன். ஆனாலும் பின்னால் வந்த பெண்களின் சிரிப்பு டைரிகளில் அவனுடைய சாயல் உண்டு.

பையன் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2007இல் ஜெஃப் கின்னி எழுதிய டைரி ஆஃப் எ விம்பி கிட் உங்கள் வீடுகளில் இருக்கும். அது எப்படித் தொடங்குகிறது என்று நினைவிருக்கிறதா? அட்டையில் டைரி என்று போட்ட நோட்டை அம்மா வாங்கிக் கொடுத்துவிட்டார், அதைக் கையில் வைத்திருப்பதை யாராவது பார்த்தால் தன்னைக் கேலி செய்வார்கள் என்று கதை நாயகன் கிரெக் பயப்படுகிறான். டைரி எழுதுவது பெண் பிள்ளைகள் வேலை என்ற எண்ணம் அங்கேயும் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. மனசில் உள்ளதை எழுதிப் பார்ப்பது பெண்ணின் வேலை என்றால், அது பெண்களுக்குக் கிடைத்த பேறு. பையன்களுக்கும் அதைப் பங்கு வைக்க வேண்டும் என்பேன்.

படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'படம்தானே நிறைய இருக்கிறது, படிக்க என்ன இருக்கிறது' என்று புத்தகக் கண்காட்சியில் தாய்மார்கள் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். நல்ல சிரிப்பு டைரியில் படமும் எழுத்தும் ஒன்றையே சொல்வதில்லை. நான் கொஞ்சம்கூடப் பதறவில்லை என்று எழுத்து சொல்லும். கீழே படத்தில் அவள் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டிருப்பாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்து எது உண்மை என்று படிக்கிறவள் தீர்மானிக்க வேண்டும். எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல் படிக்கும் பழக்கத்தை இதைவிடச் சின்ன வயதில், இதைவிடச் சுலபமாக எதுவும் தராது.

இந்தப் புத்தகங்கள் எல்லாமே உயர்ந்தவை என்று நான் சொல்லவில்லை. பகட்டான பணக்காரி என்றாலே கெட்டவள் என்று மெக்கன்ஸியை ஒரே அச்சில் வார்த்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் டைரியில் என்ன இருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. பாகம் பாகமாக நீளும்போது ஒரே சம்பவம் வேறு சட்டை போட்டு வருகிறது. பிடித்த பையன் பார்த்தானா, பார்க்கவில்லையா என்பதற்கு வேண்டியதைவிட அதிகப் பக்கம் போகிறது. இதையெல்லாம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசலாம். பேசினால் அவர்களே என்னைவிடக் கறாராகக் குறை சொல்வார்கள்.

எழுதிய டைரி வேறொருவர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அதைத் தொட்ட புத்தகம் லூயிஸ் ஃபிட்ஸ்ஹ்யூ 1964இல் எழுதிய ஹாரியட் த ஸ்பை. நியூயார்க்கில் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, பார்க்கிற எல்லோரையும் பற்றி நோட்டில் எழுதுகிறாள். எதையும் மறைக்காமல், இரக்கமும் இல்லாமல். தக்காளி சாண்ட்விச் தவிர வேறெதையும் மதியம் தின்னாத பிடிவாதக்காரி. நோட்டு தொலைகிறது, வகுப்புப் பிள்ளைகள் எடுத்துப் படித்துவிடுகிறார்கள். உயிர்த் தோழியும் தோழனும்கூட விலகிப் போகிறார்கள். அதுவரை சிரித்துக்கொண்டு வந்தவர்களுக்கு அந்த இடத்தில் வயிற்றைப் பிசையும். அவளை வளர்த்த செவிலிப் பெண், மன்னிப்புக் கேள், தேவைப்பட்டால் பொய்யும் சொல், ஆனால் உனக்குள் உண்மையை விட்டுவிடாதே என்ற பொருளில் அவளுக்கு எழுதுகிறாள். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கற்றுத்தருகிறது என்று அந்தப் புத்தகத்தைச் சில இடங்களில் எதிர்த்தார்கள். எழுதுகிறவள் எழுதுவதை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் தன் எழுத்து யார்மேல் விழுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளையை நம்பி இவ்வளவு கனமானதைச் சொன்ன புத்தகம் அது.

இங்கே பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மகளின் டைரியை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் படிக்காதீர்கள். ஹாரியட்டின் வகுப்புப் பிள்ளைகளுக்காவது பதினொரு வயது என்று ஒரு சமாதானம் உண்டு.

புத்தகத்தைப் பிடுங்கிய அந்த வருடத்திலிருந்து நூலகப் பாடவேளையில் டைரிக் கதைகளைப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தொடங்கினேன். தமிழில் நம்மூர்ப் பள்ளிக்கூடத்தை வைத்து இப்படி ஒன்றைக் கொடுக்கலாமென்று கடை கடையாகத் தேடினேன். என் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. அப்படியானால் நீங்களே எழுதுங்கள் என்று ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். தமிழோ ஆங்கிலமோ, இரண்டும் கலந்தோ, எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். எனக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. மதிப்பெண்ணும் கிடையாது.

இரண்டு மாதம் யாரும் காட்டவில்லை. பிறகு ஒருநாள் இடைவேளையில், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் வந்து நின்றாள். "மிஸ், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மிஸ்" என்று நோட்டை நீட்டினாள்.

அவள் அப்பா தண்ணீர் கேன் போடுகிறவர். டாடா ஏஸ் வண்டி, அதாவது ஊரில் எல்லோரும் குட்டி யானை என்று சொல்கிறோமே, அது. காலையில் கேன் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது மகளையும் பள்ளியில் இறக்கிவிடுவார். இவள் தினமும் ஒரு தெரு முன்னாலேயே, பெட்டிக்கடைப் பக்கம் நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்து வருவாள். ஒருநாள் மழை. அப்பா கேட்கவில்லை, பள்ளி வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அன்றைய தேதி போட்டு நோட்டில் எழுதியிருந்தாள்: "இன்னைக்கு அப்பா என்னை கேட் கிட்டயே விட்டார். நல்ல வேளை, யாரும் பாக்கல." அதற்குக் கீழே பக்கம் முழுக்க ஒரு படம். நிஜமாகவே ஒரு யானைக் குட்டி. முதுகில் மலைபோலத் தண்ணீர் கேன்கள், உச்சியில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இவள். பள்ளிக்கூடத்தின் ஒவ்வொரு ஜன்னலிலும் தலைகள். மாடியில் தலைமை ஆசிரியை. மரத்துக் காக்காய்கூட இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. யானையின் கழுத்தில் லுங்கி கட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் ஒரு குடையைப் பின்பக்கமாக நீட்டி மகள் தலைக்கு மேல் பிடித்திருந்தார். அவர் முழுக்க நனைந்துகொண்டிருந்தார்.

எழுத்தில் குடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பக்கத்தைப் புரட்டினேன். மறுபக்கத்தில் மேலே தேதி மட்டும் இருந்தது, கீழே எல்லாம் வெள்ளை. "இங்க ஏன்மா ஒண்ணும் எழுதல?" என்று கேட்டேன்.

"அது நாளைக்கு மிஸ்" என்றாள்.